பெயர் போன குரல்கள்

மழை விட்ட மறுநாள் காலையில் கீழ்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்து, கதவைத் தட்டாமலே சொன்னாள்.

"கம்ப்யூட்டர் டிக் டிக்குங்குது, கடிகாரம் மாதிரி. வேற ஒண்ணும் காட்ட மாட்டேங்குது. கொஞ்சம் வாம்மா."

அவள் கையில் ஊசி இருந்தது. ஊசியில் வெள்ளை நூல் கோத்திருந்தது. எழுந்து வந்த வேகத்தில் அதை எங்கேயாவது குத்தி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் எனக்குக் குடிநீர் அலுவலகத்தில், புது இணைப்பு கேட்டு வருகிற விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. பெயர், தெரு, கதவு எண். அடுத்தவர் பெயர், தெரு, கதவு எண். எட்டு மணி நேரமும் அதுதான். அதைத் தாண்டி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்கள் கட்டடத்தின் ஆறு வீட்டுக்கும் நான்தான் கம்ப்யூட்டர் படித்தவள்.

கீழே அக்காவின் கணவர் பொத்தானை அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் அந்தச் சத்தம் கேட்டது. திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். அதற்கு மேல் அவரால் எதுவும் கேட்க முடியாது. அவருக்குக் குரல் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கியில் பேசுவது அவர் வேலையாக இருந்தது. இருபத்தாறு வருடம். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அறிவிப்பாளர் அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஊருக்கு அவர் வாயிலிருந்துதான் தெரியும். மைக்கண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டில் "சோறு ஆயிடுச்சா" என்று கேட்டால்கூட, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவிடுவார்கள் என்று அக்கா கேலி செய்வாள்.

போன வருடம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினெட்டு நாள் அவகாசம் இருந்தது. வார்டில் இருந்த நர்ஸ் ஒருத்தி, "வீட்ல என்னென்ன பேசுவீங்களோ அதையெல்லாம் இப்பவே பேசி வெச்சுக்குங்க" என்றாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பதினெட்டு நாளும் பேசினார். ஒரு டீ வேணும். மின்விசிறியக் கொறை. யாரு வந்திருக்கா? அட, நீ ஒண்ணு. தூங்கிட்டியா? அறுநூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துத் தனித்தனியாகச் சேமித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு, கழுத்தில் மூச்சுக்காக விட்டிருந்த துளையை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அமுக்குவார். அவர் குரலே அவருக்காகப் பேசும்.

எழுதிக் காட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா செய்வது காஜா வேலை. தெருக்கோடியில் இருக்கும் சட்டைப் பட்டறையிலிருந்து கட்டுக் கட்டாகச் சட்டை வரும். அதில் பொத்தான் துளை போட்டு, துளையைச் சுற்றி நூலால் நெருக்கித் தைத்து, எதிர்ப்பக்கம் பொத்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. கண்ணை எடுத்தால் ஊசி விரலில் ஏறும். அவர் சிலேட்டில் எழுதி எழுதி முகத்துக்கு நேரே நீட்டினால் அவள் எப்படி வேலை பார்ப்பாள்? காது சும்மாதானே இருக்கிறது. அவர் அமுக்குவார், அவள் தலை நிமிராமலே பதில் சொல்வாள். மூன்று மாதம் அப்படி ஓடியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோன் செய்தால், அதை ஒலிபெருக்கியில் போட்டு, "சாப்பிட்டியா கண்ணு" என்று அமுக்குவார்.

"பரவாயில்ல அக்கா" என்றேன். "நாமதான் பென்டிரைவ்ல ஏத்தி வெச்சிருக்கோமே."

ஏற்றியது நான்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரையில் 'என் குரல்' என்று இருந்ததை இழுத்து பென்டிரைவில் போட்டேன். ஒரே நொடியில் முடிந்தது. அறுநூறு குரலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டதே என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. அக்கா அதைப் பொத்தான் டப்பாவில் பத்திரமாகப் போட்டு வைத்தாள். இப்போது டப்பாவைக் கவிழ்த்து, வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்தாள். பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மூன்று பேரும் ரிப்பேர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார். டிஸ்க்கை மட்டும் கழற்றி, மின்சாரம் கொடுத்து, காதருகே வைத்துக் கேட்டார். சட்டென்று பிடுங்கி வைத்தார்.

"இத எத்தன தடவ ஆன் பண்ணீங்க?"

அண்ணன் விரலை மடக்கி மடக்கி எண்ணப் பார்த்தார். இருபதுக்கு மேல் விட்டுவிட்டார்.

"இனிமே ஒரு தடவகூடக் கூடாது. உள்ள ஊசி மாதிரி ஒண்ணு ஓடிட்டே இருக்கும். அது தட்டுல உரசுது. நீங்க ஆன் பண்ணப் பண்ண, அது கீறிட்டே போகும்."

"ஊசிதானே, மாத்திடுங்களேன்" என்றாள் அக்கா.

"உங்க ஊசி இல்லம்மா இது. தூசியே இல்லாத ரூம்ல வெச்சுத் திறக்கணும். அந்த ஆளுங்க வேற ஊர்ல இருக்காங்க."

"அதெல்லாம் எதுக்குங்க, காப்பி இருக்கு" என்று நான் பென்டிரைவை நீட்டினேன்.

அவர் செருகினார். திரையில் 'என் குரல்' வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் அதை அமுக்கினார். திறக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த மூலையில சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கு பாத்தீங்களா?"

பார்த்தேன். ஏற்றின அன்றைக்கும் பார்த்தேன். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

"இது ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டுற பலகை. நீங்க வீட்டத் தூக்கிட்டு வரல, பலகையப் புடுங்கிட்டு வந்திருக்கீங்க."

அக்கா கடைக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இதுல என்னதான் இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததயா நான் ரெண்டு மாசமா டப்பாவுல பூட்டி வெச்சிருந்தேன்?"

போன தடவை வந்தபோது மகள் எல்லாவற்றையும் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். அக்கா அவளுக்கு ஃபோன் போட்டாள். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஏண்டி, அப்பா பேசினதெல்லாம் உன் ஃபோன்ல இருக்குல்ல?"

"இல்லையேம்மா. ஃபோன் நெறஞ்சுடுச்சுன்னு அழிச்சுட்டேன். மாடியக்கா பென்டிரைவ்ல போட்டாச்சுன்னு நீதானே சொன்ன?"

"நான் உன்கிட்ட இருக்குன்னுதான் நிம்மதியா இருந்தேன்!"

"நான் உன்கிட்ட இருக்குன்னு நெனச்சேன். ஏன், என்ன ஆச்சு? அப்பா எங்க? அப்பாகிட்ட குடு."

அக்கா ஃபோனை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "அப்பா? அப்பா?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஃபோனின் முதுகில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மூணு பேரு காவல் இருந்தா இப்படித்தான்" என்றார் கடைக்காரர். "அடுத்தவன் முழிச்சிருக்கான்னு ஆளாளுக்குத் தூங்கிடுவாங்க."

"கெடைச்சிடுமாங்க?" என்றேன்.

"சொல்ல முடியாது."

"பாதியாவது?"

"அதான் சொல்ல முடியாதுன்னேனே."

டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றி அனுப்பி வைத்தார். பன்னிரண்டு நாள் ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு நாளும் கீழ்வீட்டில் ஒன்றும் நேராக நடக்கவில்லை. அவர் ஜன்னலைக் காட்டுவார். அவள் எழுந்து போய்ச் சாத்துவாள். அவர் திறக்கச் சொன்னாராம். சிலேட்டில் 'காத்து' என்று எழுதியதை, ஊசியில் பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு 'காது' என்று படித்துவிட்டு, அவர் தலையைச் சாய்த்துக் காதுக்குள் பார்த்தாளாம். அவர் சிரித்தார். சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்தது. அதற்குப் பிறகு, கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் மேசையைத் தட்டினார். ஒரு தட்டு டீ, இரண்டு தட்டு இங்கே வா. மூன்று தட்டு என்ன என்று இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சட்டைகள் ஈரம் இழுத்து நூல் சிக்கியது. நான் வேலை விட்டு வரும்போது, கீழ்வீட்டுக் கதவைத் தாண்டிச் செருப்புச் சத்தம் கேட்காமல் மாடியேறினேன். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பதின்மூன்றாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார்.

"வந்திருக்கு. ஆனா ஒரு குழப்பம். தொள்ளாயிரத்திப் பதினொண்ணு வந்திருக்கு."

"அவரு பேசினதே அறுநூத்திச் சொச்சம்தானேங்க!"

"அழிச்சதும் சேந்து வந்திருக்கும். நாம அழிச்சுட்டோம்னு நெனச்சுக்குவோம். டிஸ்க்குக்கு மானம் ரோசம் கெடையாது, எல்லாத்தையும் வெச்சிருக்கும். இன்னொண்ணு, பேரெல்லாம் போயிடுச்சு. வெறும் நம்பர்தான். வீடெல்லாம் அப்படியே நிக்குது, எது யாரு வீடுன்னுதான் தெரியாது."

புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்த அன்று சாயங்காலம், அண்ணனால் பொறுக்க முடியவில்லை. டீ வேண்டும் என்று எதையோ அமுக்கினார். "வண்டிக்காரரே, இங்கயே நிறுத்துங்க" என்றது. அக்கா ஊசியோடு நின்றுவிட்டாள். இன்னொன்றை அமுக்கினார். "அந்தாள உள்ள விடாத." அவருக்கு வியர்த்தது. மகள் ஃபோன் செய்தாள். அவசரத்தில் ஒன்றை அமுக்க, "எனக்குத் தூக்கம் வருது, அப்புறம் பேசலாம்" என்றது. "சரிப்பா" என்று அவள் வைத்துவிட்டாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசுவது அவர்தான். என்ன பேசப் போகிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கேட்டதைப் பெயராகத் தட்டினேன். அண்ணன் விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் 'வீடு', இரண்டு 'ஃபோன்', மூன்று 'வெளியே', நான்கு 'கோபம்'. அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். அக்கா சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். நடு நடுவே அழித்தவை வந்தன. பாதி வாக்கியம். இருமல். "ஒரு டீ வே" என்பதற்குள் குக்கர் விசில் அடித்தது ஒன்று. ஒரே கெட்ட வார்த்தையைப் பதினோரு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார், எது பொருத்தமாக இருக்கும் என்று. அக்கா வாயில் நூலைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். "இதுக்கா கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

மதியத்துக்குள் நானூறு தாண்டிவிட்டது. தைத்து முடித்த சட்டைக் கட்டைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வர அண்ணன் கிளம்பினார். நீங்கள் பாருங்கள் என்று சைகை காட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் அடுத்ததை அமுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

முதலில் வெறும் மூச்சு. பிறகு அவர் குரல், ரொம்பத் தாழ்வாக. மைக்கில் பேசுகிற குரல் இல்லை.

"இது யாருக்கும் இல்ல. சும்மா சொல்லிப் பாக்கறேன். எனக்கு இந்த ஆபரேஷன் வேணாம். குரலோட ஒரு வருஷம் இருந்தாப் போதும். இது இல்லாம பத்து வருஷம் உக்காந்து என்ன பண்ணப் போறேன்? அவகிட்ட சொல்ல முடியாது. டாக்டர் கேட்டதும் அவ சரி சரின்னு தலையாட்டிட்டா. நானும் ஆட்டிட்டேன். அவ மூஞ்சியப் பாத்துதான் ஆட்டினேன். எனக்கு..."

கதவு திறக்கிற சத்தம். அக்காவின் குரல், தூரத்திலிருந்து: "யாருகிட்டப் பேசிட்டிருக்கீங்க?"

"யாருமில்ல. கரகரன்னு இருக்குது, சரி பண்ணிக்கறேன்."

அதோடு முடிந்தது.

நான் திரும்பவில்லை.

"அன்னிக்கு நான் சூடா வெந்நி கொண்டு போனேன்" என்றாள் அக்கா. "கரகரன்னு இருக்குன்னாரே, தொண்டைக்கு இதமா இருக்கும்னு."

"அக்கா, இத அழிச்சிடட்டுமா? அவருக்குத் தெரியவே வேணாம்."

"அழிச்சா போயிடுமா?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், போய்விடும் என்று சொல்லியிருப்பேன்.

"நான் தலையாட்டினேன்தான்" என்றாள். "அவரு ஆட்டினதுக்கப்புறம் ஆட்டினேன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருக்கேன். யாரும்மா மொதல்ல ஆட்டினது?" கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள், நான் அந்த அறையில் இருந்தவள் போல.

அவர் திரும்பி வந்தபோது நாங்கள் நானூற்றுப் பதின்மூன்றில் இருந்தோம். எதுவும் நடக்காதது போலத்தான் இருந்தோம். ஆனால் அக்கா தைத்து வைத்த சட்டையை அவர் எடுத்துப் பார்த்தார். நான்காவது பொத்தான் துளைக்கு நேராக இல்லாமல் இரண்டு விரல் கீழே இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் அவரிடம் கேட்டதை, மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. வாளி நிரம்பி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"நேரா கேட்டுட்டேம்மா. சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. அன்னிக்கு வேணாம்னு இருந்தீங்களே, இப்பவும் அப்படித்தான் இருக்குதான்னு கேட்டேன். எதுன்னு அவருக்குப் புரியல. அமுக்கிக் காட்டினேன். கேட்டுட்டு, சிலேட்ட எடுத்தாரு. எழுதறாரு, அழிக்கறாரு. எழுதறாரு, அழிக்கறாரு. நான் ஊசிய வெச்சுட்டு எதிர்ல உக்காந்துட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரின்னு."

"என்ன எழுதினாரு?"

"'காலைல தோணும். சாயங்காலம் தோணாது'ன்னு எழுதினாரு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"தெனமுமான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினாரு. பேசாம இருக்கறது கஷ்டமா, நான் பண்ணது கஷ்டமான்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணும் எழுதல. என் கைய இழுத்து உள்ளங்கைய விரிச்சுப் பாத்தாரு. ஊசி குத்தின தடமெல்லாம் இருக்குமில்ல, அத ஒண்ணொண்ணா அமுக்கினாரு, கம்ப்யூட்டர்ல அமுக்கற மாதிரி. அது ஆமாவா இல்லையா, நீயே சொல்லு. எனக்கு இன்னும் புரியல."

அதன் பிறகு நான் கவனித்தது ஒன்றுதான். அதற்கு முன்பெல்லாம் அவள் காலையில் முதல் வேலையாக அடுப்படியும் துணியுமாக ஓடிக்கொண்டிருப்பாள், மதியத்துக்கு மேல்தான் ஓரிடமாக ஊசியோடு உட்காருவாள். இப்போது விடிந்ததும் சட்டைக் கட்டைப் பிரித்துக்கொண்டு அவர் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறாள். பாத்திரமெல்லாம் மதியம்வரை அப்படியே கிடக்கும். நான் வேலைக்கு இறங்கும்போது "மின்விசிறியக் கொறை" என்று கேட்கும். "எந்திரிக்க முடியல, நீங்களே கொறைச்சுக்குங்க" என்று பதில் கேட்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பிரித்து முடிந்தது. கடைக்காரர் சொன்னபடி மூன்று இடத்தில் நகல் வைக்க ஏற்பாடு. ஒன்று வீட்டில், ஒன்று என் அலமாரியில், ஒன்று மகளுக்கு. இருமலையும் விசிலையும் விலக்கிவிட்டேன். பெயர் வைக்காமல் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

"அக்கா, இது?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பக்கத்திலேயே இருந்தார்.

"அதையும் வெச்சுக்கம்மா. அவரு பேசினதுதானே. எனக்குப் புடிச்சத மட்டும் வெச்சுக்கிட்டா அது அவரு பேச்சா?" என்றாள். பிறகு, "பொண்ணுக்குப் போறதுல வேணாம். அவ கேட்டா நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

"எந்தப் பெட்டியில போடட்டும்?"

அவள் அவரைப் பார்த்தாள். நான் அவர் விரலைப் பார்த்தேன், நான்கு காட்டுவார் என்று நினைத்தேன். அவர் விரல் எதையும் காட்டவில்லை. என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டைப் பிடித்து இழுத்தார். 'கோபம்' மேலே போய் நின்றார். அங்கே விடவில்லை. 'வெளியே'யைத் தாண்டினார். 'ஃபோன்' தாண்டினார். 'வீடு' பெட்டிக்கு மேலே வந்து விரலை எடுத்தார். பெயர் எழுத நான் இடம் திறந்து கொடுத்தேன். "வேணாம்னு நெனச்சேன்" என்று நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

நான் நகல் எடுத்தேன். இந்தத் தடவை நொடியில் முடியவில்லை; பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. முடிந்த பிறகும் எழுந்துகொள்ளாமல், ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு வார்த்தையாவது காதில் விழுந்த பிறகே மூடினேன். இருட்டத் தொடங்கியபோது அண்ணன் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.